மலை ஏறி இறங்கியாச்சு, மறுநாள் நம்ம ஆற்றோரத்தில் என்ன செய்வது?

கொஞ்சம் நீளமான பதிவு. நல்லதண்ணியில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர்கள், ஆற்றோரம் டெண்ட் போட இடம் கொடுப்பவர்கள், ஆட்டோ ஓட்டும் தம்பிமார், கடை போடும் அக்காமார் எல்லோரும் ஒரு தடவை முழுசாக வாசியுங்கள்.

நம்ம ஊருக்கு வருகிறவர்களின் கணக்கு நமக்குத் தெரியும். சாயந்தரம் ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். இரவு இரண்டு மணிக்கு எழும்பி மலை ஏறுவார்கள். சூரிய உதயம் பார்த்துவிட்டு ஒன்பது, பத்து மணிக்குக் கால் நடுங்க இறங்கி வருவார்கள். குளித்து, சாப்பிட்டு, மத்தியானம் போய்விடுவார்கள். ஒரு இரவு வாடகை, இரண்டு வேளைச் சாப்பாடு, ஊருக்கு மிஞ்சுவது அவ்வளவுதான். அதுவும் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரைக்கும். பிறகு மழை, மூடின கடைகள். நம்ம பிள்ளைகள் ஓ.எல். எழுதின கையோடு கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள்.

வந்தவர் இன்னொரு நாள் தங்கினால் இந்தக் கணக்கு மாறும். அவரைத் தங்க வைக்க நம்மிடம் இருப்பது ஆறும், ஆற்றைச் சுற்றி உள்ளதும்தான். அந்த ஆற்றையே குப்பைக்கூடை ஆக்கிக்கொண்டு "சுற்றுலா வளரவில்லை" என்று பேசுவதில் அர்த்தம் இல்லை என்பது என் கருத்து.

வெளிநாடுகளில் வீடு மாதிரியான வேன்களை ஓட்டிக்கொண்டு போய் ஆற்றோரத்தில் நிறுத்தி, நாட்கணக்கில் தங்குகிறார்கள். அதற்கென்றே இடங்கள் உண்டு. அங்கே குடிதண்ணீர்க் குழாய் ஒரு பக்கம், கழிவுநீர் கொட்டும் குழி இன்னொரு பக்கம். இரவு இத்தனை மணிக்குப் பிறகு சத்தம் கூடாது என்று பலகை இருக்கும். பக்கத்திலேயே நடைபாதைகளின் வரைபடமும், என்னென்ன பார்க்கலாம் என்ற தாளும் இருக்கும். வேனோ, டெண்டோ, அறையோ, ஆற்றோரத்தில் தங்குகிறவருக்குத் தேவை இந்த இரண்டும்தான்: சுத்தமான இடம், செய்வதற்கு ஏதாவது. நம்மிடம் இரண்டாவது தாராளமாக இருக்கிறது. சொல்லித்தான் கொடுப்பதில்லை.

என் பட்டியலைத் தருகிறேன்.

ஒன்று, காலைநேர நடை. மலை உச்சிவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் ஏற முடியாது. அவர்கள் ஜப்பானிய பிக்குகளின் சமாதான தூபி வரைக்கும், முடிந்தால் யாத்திரிகர்கள் முகம் கழுவும் சீத கங்குல வரைக்கும் பகலில் மெதுவாகப் போய் வரலாம். போகும்போது ஒரு கதை சொல்லுங்கள். நாம் சிவனொளிபாதம் என்கிறோம், பாவா ஆதம் மலை என்கிறோம், சிங்கள மக்கள் ஸ்ரீ பாத என்கிறார்கள், சமனல கந்த என்றும் சொல்கிறார்கள். சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. 1344இல் இப்னு பதூதா இந்த மலைக்கு வந்தார். ஏறுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன என்றும், அவற்றை பாபா வழி, மாமா வழி என்று அழைத்தார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். ஆதமும் ஹவ்வாவும்தான் அந்த பாபா, மாமா. இத்தனை சமூகங்கள் சொந்தம் கொண்டாடும் மலை உலகத்தில் எத்தனை இருக்கும்?

இரண்டு, தேயிலை. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, ஓய்வு பெற்ற ஒரு அம்மாவை அழைத்துப் போய் கொழுந்து என்றால் என்ன, எதைப் பறிப்பது, எதை விடுவது என்று ஒரு மணி நேரம் சொல்லச் சொல்லுங்கள். அதற்குரிய பணம் நேராக அவர் கைக்குப் போகட்டும். வேலை செய்துகொண்டிருக்கிறவர்களைக் கேட்காமல் போட்டோ எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அவர்கள் காட்சிப் பொருள் இல்லை.

மூன்று, பழைய மஸ்கெலியா. 1960களில் மவுஸ்ஸாகலை அணை கட்டியபோது நம்ம பழைய பட்டணம் தண்ணீருக்குள் போனது. கடும் வெயிலில் நீர்மட்டம் இறங்கினால் கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் இடிபாடுகளும் வெளியே தெரியும். தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்திலும் கரையில் நின்று அந்தக் கதையைச் சொல்ல நம்ம பெரியவர்களால் முடியும். ஒரு ஆட்டோவும் ஒரு தாத்தாவும் போதும்.

நான்கு, ஆற்றங்கரையில் சும்மா இருப்பது. ரொட்டி, கட்டச்சம்பல், பிளேன்டீ, ஒரு பாய். இலங்கையை விட்டால் வேறு எங்கும் இல்லாத பறவைகள் நம்ம காட்டில் உண்டு. விடியற்காலையில் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் கேட்கும். சவுண்ட் சிஸ்டம் போட்டால் கேட்காது.

இனி கசப்பான பகுதி. போன சீசனில் ஒரு சனிக்கிழமை காலை ஆற்றுப் பக்கம் போனேன். பாறை இடுக்கில் சொப்பிங் பேக், யோகட் கோப்பை, ஷாம்பு சாஷே, குழந்தைக்குக் கட்டிவிடும் பேம்பர்ஸ். கொஞ்சம் கீழே தோட்டத்துப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் யாத்திரிகர் போட்டது மட்டும் இல்லை. நம்ம கடைகளின் குப்பையும் அதில் இருக்கிறது.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று வகுப்பில் பிள்ளைகளிடம் வரைபடத்தில் கோடு போடச் சொல்வேன். நம்ம ஆறு மவுஸ்ஸாகலைக்குப் போகிறது. மஸ்கெலி ஓயாவாக இறங்கி, கெஹெல்கமு ஓயாவோடு சேர்ந்து களனி கங்கை ஆகிறது. கொழும்புக்குக் குடிதண்ணீர் அம்பத்தலையில் அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். கொழும்புக் கடையில் வேலை செய்யும் நம்ம பிள்ளை குடிக்கிற தண்ணீர், நாம் இங்கே எதையாவது கொட்டிவிட்டு அனுப்புகிற தண்ணீர். மலையைச் சுற்றியுள்ள காடு 2010இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பெருமையைப் பலகையில் எழுதினால் மட்டும் போதாது.

2020 மே மாதத்தில் நம்ம லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் சிக்கிச் செத்தது நினைவிருக்கும். அதைப் பார்க்க உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் பணம் கட்டி வருவார்கள். நம்மிடம் இருந்தது, சுருக்கில் போனது. ஆற்றுக்கும் அதே கதி வரக்கூடாது.

"விருந்தாளியிடம் சட்டம் பேசினால் அடுத்த தடவை வரமாட்டார்" என்று ஒரு கடைக்கார நாநா சொன்னார். அவர் பயம் நியாயமானது, ஒரு சீசன் வருமானத்தில் வருஷம் முழுக்க ஓட்டுகிறவர். ஆனால் அழுக்கான ஆற்றங்கரைக்கும் யாரும் இரண்டாவது தடவை வருவதில்லை. பணிவாகச் சொன்னால் கேட்பார்கள்.

சொல்ல வேண்டியது நாலே நாலு. சோப்பும் ஷாம்பும் ஆற்றில் வேண்டாம், வாளியில் மொண்டு கரையைத் தாண்டி வந்து குளியுங்கள். கொண்டு வந்த குப்பையைத் திருப்பிக் கொண்டு போங்கள். மலைப்பக்கம் கறுத்தால் உடனே ஆற்றை விட்டு ஏறுங்கள், இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்து தண்ணீர் திடீரென்று வரும். பாசி பிடித்த பாறையில் ஏறிப் போட்டோ எடுக்காதீர்கள். அட்டைக்குப் பயப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம் உப்புப் பொட்டலம் கொடுத்துவிடுங்கள்.

பிரதேச சபைக்கு என் வேண்டுகோள்: ஆற்றோரத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பலகை, மூடியுள்ள குப்பைத் தொட்டிகள், பெண்கள் நிம்மதியாகப் போகக்கூடிய கழிப்பறை. ஓ.எல்., ஏ.எல். முடித்த பிள்ளைகளுக்கு: சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பிரதேச வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. இந்த மலையின் பாதை உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? விபரம் விசாரிக்கவும் ஆங்கிலம் பழகவும் உதவி வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள், நான் இருக்கிறேன்.

ஊருக்கு நல்லதண்ணி என்று பெயர் வைத்தவர்கள் தண்ணீரைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். சீசன் தொடங்க முன்னம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஆற்றங்கரையைத் துப்புரவு செய்வோமா? வரக்கூடியவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். பட்டியலில் நான் விட்ட இடங்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.