மிதிக்காமலே எரியும் பிரேக் விளக்கு

காரைப் பற்றிக்கூட இந்தப் பக்கத்தில் எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போவதும் இப்போது பல வீடுகளில் நம் பொறுப்புத்தானே, சகோதரிகளே! அதனால் இந்தத் தடவை பிரேக் பெடலின் தலைமாட்டில் ஒளிந்திருக்கும் ஒரு சின்னச் சாமானைப் பற்றிச் சொல்கிறேன்.

ஃபிரிட்ஜ் கதவின் ஓரத்தில் ஒரு பொத்தான் பார்த்திருப்பீர்கள். கதவு மூடியிருக்கும்போது அது அமுங்கிக் கிடக்கும். திறந்தால் வெளியே வரும், உள்ளே விளக்கு எரியும். பிரேக் பெடலிலும் இதே சங்கதிதான். பெடல் சும்மா இருக்கும்போது ஒரு சுவிட்சின் குமிழை அமுக்கிக்கொண்டிருக்கும். நாம் மிதித்ததும் குமிழ் விடுபட்டு, வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். சில புது மாடல்களில் குமிழுக்குப் பதிலாக சென்சார் வைத்து, பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதையே காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுகிறார்கள். விளக்கோடு அதன் வேலை முடிவதில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை 'பி'யிலிருந்து எடுப்பதும், பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்வதும் 'பிரேக்கில் கால் இருக்கிறது' என்று இந்தச் சாமான் சாட்சி சொன்னால்தான் நடக்கும்.

ஆகவே இது கெட்டால் காட்டும் குறியும் பல தினுசு. ஒரு நாள் கியர் லீவர் அசைய மறுக்கும். இன்னொரு நாள் பட்டனை அமுக்கினால் 'பிரேக்கை மிதிக்கவும்' என்று எழுத்து வரும். நாமோ இடுப்பு வலிக்க மிதித்துக்கொண்டிருப்போம்! சில வண்டிகளில் ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கும் எரியும். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் ஒருவர் கியர் பாக்ஸ் என்பார், இன்னொருவர் பேட்டரி என்பார்.

எங்களுக்குச் சொன்னது பேட்டரி. காலையில் வண்டி கிளம்பவில்லை, புதுசு போட்டாச்சு. நாலாம் நாள் மறுபடியும் அதே கதை. என் மாமியாருக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வராது. "ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்தா கார் நிக்கிற இடத்துல சுவரெல்லாம் செவப்பா இருக்கே, என்னம்மா அது?" என்றார். அன்று ராத்திரி போய்ப் பார்த்தேன். சாவி கூடத்தில் ஆணியில் தொங்குகிறது. காரின் பின் விளக்கு மூன்றும் ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கின்றன! டார்ச் அடித்துப் பார்த்தால் பெடலுக்குக் கீழே மிதியடியில், உடைத்த உளுந்து மாதிரி துணுக்குகள். பெடல் தண்டில் குமிழுக்கு எதிரே ஒரு சின்ன ரப்பர் அடைப்பு இருக்கும். அது வருஷக்கணக்கில் சூட்டில் உலுத்து உதிர்ந்துவிட்டது. சுவிட்சின் குமிழ் அந்த ஓட்டை வழியே நீட்டிக்கொண்டு, அமுங்காமலே நின்றது. தெருக்கோடி மெக்கானிக் பத்தே நிமிஷத்தில் புது அடைப்பு போட்டார். புது பேட்டரியின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பணத்தை விடுங்கள். எந்நேரமும் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு பின்னால் வருகிற பஸ்காரருக்கு, நான் எப்போது நிறுத்துகிறேன் என்று எப்படித் தெரியும்? பின் ஸீட்டில் குழந்தை உட்கார்ந்திருக்கிறதே!

இதைச் சோதிக்க மெக்கானிக் வேண்டாம். பொழுது சாய்ந்ததும் காரின் பின்புறம் சுவரைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, மிதித்துக்கொண்டே கண்ணாடியில் பாருங்கள். சுவரில் சிவப்பு வந்து வந்து போக வேண்டும். யாரையாவது பார்க்கச் சொன்னால் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள், பின்னால் வேண்டாம். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையென்றால் அது பல்பு. எல்லாமே எரியவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் சுவிட்ச். காலை எடுத்த பிறகும் எரிந்தால், பெடலைக் கையால் லேசாக மேலே தூக்குங்கள். அணைந்தால் பெடல் முழுக்க மேலே வரவில்லை, அல்லது சுவிட்ச் இடம் நகர்ந்திருக்கிறது. தூக்கியும் அணையாவிட்டால் ரப்பர் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களில் இந்த சுவிட்ச் கெட்டால் பிரேக்கே பிடிக்காது என்று பயப்பட வேண்டாம். அது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது, வேறு விஷயம். ஆனால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, கல் மாதிரி இறுகினாலோ வண்டியை எடுக்கவே கூடாது. மின்சாரக் கார், ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்களும் பிரேக் எச்சரிக்கை விளக்கு வந்தால் ஓட்டிப் பார்க்காமல் கம்பெனி ஆளைக் கூப்பிடுவது நல்லது. அவற்றில் பலவற்றில் பெடல் சென்சாருக்கு பிரேக் பிடிப்பதிலேயே பங்கு உண்டு.

சென்சாரை மாற்றச் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். 2014 மே மாதம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஷெவர்லே மாலிபு, பான்டியாக் ஜி6, சாட்டர்ன் ஆரா என்று சுமார் 24 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. மிதித்தால் விளக்கு எரியாது, மிதிக்காதபோது எரியும் என்பதுதான் புகார். குற்றம் ஒயர் சேரும் இடத்தில். அரிப்பினால் அங்கே மின்சாரம் சரியாகப் போகாமல், பெடலின் சேதி கம்ப்யூட்டருக்குத் தப்பாகப் போனது. அதனால் ஒயர் பிளக்கைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனர் போட்டால் பி 0571 என்றோ, பி 0504 என்றோ எண் வரும். முதலாவது பிரேக் சுவிட்சின் மின்பாதையில் கோளாறு. இரண்டாவது சுவிட்சின் இரண்டு சேதிகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பது. கோளாறு எந்தப் பாதையில் என்று எண் சொல்லும். சாமானா, ஒயரா என்பதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சென்சாரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பல வண்டிகளில் 'கால் படாத நிலை எது' என்று ஸ்கேனர் வைத்துப் புதுசுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். பில்லுக்குப் பணம் எடுக்கும் முன், அங்கேயே சுவரோரம் நிறுத்தி ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிடுங்கள்.