இழுப்பெல்லாம் இழுப்பன்று

நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காரும் முதியவரைக் கண்டால், இழுப்பென்று சொல்லிக் கஷாயம் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் நோய் மார்பில் தோன்றினும், அதன் வேர் சில சமயம் இருதயத்தில் இருப்பதுண்டு.

இருதயத்தின் இடப்பாகம் நுரையீரலிலிருந்து வரும் சுத்த ரத்தத்தை ஏற்று உடலெங்கும் செலுத்துகிறது. அது பலங்குன்றினால், முன்னே செல்லவேண்டிய ரத்தம் பின்னே தேங்கும். மடை அடைபட்ட வாய்க்காலில் நீர் எதிர்த்து ஏறுவதுபோல, நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அது ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டினால், நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பும். மாரடைப்பு, கவனியாது விட்ட ரத்தக் கொதிப்பு, இளமையில் கண்ட மூட்டுவாத சுரத்தால் பழுதுற்ற வால்வு, தாறுமாறான இருதயத் துடிப்பு ஆகியவை இதற்கு முக்கிய காரணங்கள். படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தால் சற்றே தணியும். முற்றினால் இளஞ்சிவப்பு நுரை வெளிப்படும்.

1944 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் உபாதையை மார்ச்சளி என்றே எண்ணியிருந்தனர். டாக்டர் ஹோவர்ட் புரூயன் பரிசோதித்து, அது இருதயச் சோர்வு என்று கண்டார். டிஜிடாலிஸ் கொடுத்து, உப்பைக் குறைத்ததும் மூச்சு தெளிந்தது. ஆனால் கொதிப்பை அடக்கத் தக்க மருந்து அந்நாளில் இல்லை. 1945 ஏப்ரல் 12-இல் மூளையில் ரத்தம் கசிந்து அவர் காலமானார்.

இன்று அந்நிலை இல்லை. பிராணவாயு குறைந்திருந்தால் முதலில் அதை அளிப்பர். பியூரோசமைடு என்னும் மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றினால், மிகுந்த உப்பும் நீரும் சிறுநீராய் வெளியேறும். ரத்த அழுத்தம் தாழ்ந்திராவிடில், நைட்ரோகிளிசரின் நாளங்களை விரியச் செய்து இருதயத்தின் சுமையைக் குறைக்கும். முன்பு தாராளமாய் வழங்கிய மார்பியாவை இப்போது வைத்தியர்கள் அரிதாகவே கையாள்கின்றனர். டிஜிடாலிஸ் வகை மருந்தும் சிலருக்கு மட்டுமே.

இவை யாவும் ஆஸ்பத்திரியில் வைத்தியர் செய்யவேண்டியவை. வீட்டார் செய்யத்தக்கது வேறு. நோயாளியைப் படுக்க வைக்காமல், கால்களைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வையுங்கள். விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். வீடு திரும்பிய பின் ஊறுகாயையும் அப்பளத்தையும் விலக்குங்கள்.

எல்லாவற்றினும் முக்கியம் ஒன்று உண்டு. மூச்சு சீரானதும், "இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடுவோர் பலர். அம்மூச்சு மருந்தினால் சீரானது என்பதை மறவாதீர்கள். வைத்தியர் சொல்லும்வரை ஒரு வேளையும் தவறலாகாது.