மைக் செட் இளைஞர்களின் சார்பில்

தை பிறந்தால் எருது விடும் விழா, மாசியில் மயானக் கொள்ளை, சித்திரையில் அம்பேத்கர் ஜெயந்தி, ஆடியில் கூழ் வார்த்தல் என்று அணைக்கட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பகுதிகளிலும் விசேஷங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்க, அவற்றுக்கெல்லாம் பந்தல்காரரோடு பந்தல்காரராக முதலில் வந்து இறங்கி, ஜனங்கள் கலைந்த பிறகு கடைசியாக வயரைச் சுருட்டிக்கொண்டு புறப்படுகிறவர்கள், நாலைந்து நண்பர்களாகச் சேர்ந்து மைக் செட் நடத்தும் உள்ளூர் இளைஞர்களே. இவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் பிரஸ்தாபம் வருவதோ ஒலிபெருக்கி பறிமுதலான செய்தியில்தான். இது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

பகலில் தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்த்து, கடையில் முழு செட்டை விலைகொடுத்து வாங்க வகையில்லாமல், பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும், மெக்கானிக்குகள் சுருக்கமாக 3055 என்று சொல்லும் டிரான்சிஸ்டர்களையும், அவற்றின் சூட்டை வாங்கிக்கொள்ள ஓர் அலுமினியத் தகட்டையும் தேடிப் பிடித்து ஆம்ப்ளிஃபயர் கட்டி, பிளைவுட்டை அறுத்து ஸ்பீக்கர் பெட்டி செய்து, அதன்மேல் ரெக்ஸின் ஒட்டித் தொழிலைத் தொடங்குகிற பிள்ளைகளின் சாமர்த்தியத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள் அதை அலட்சியமாகப் பேசமாட்டார்கள். எர்த் சரியில்லாவிட்டால் ஸ்பீக்கர் உறுமும் என்பதும், மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகக் காட்டினால் அது வீறிடும் என்பதும் இவர்களுக்கு அனுபவத்தில் வந்த வித்தை. சீரியல் செட்டுக்காக முன்பெல்லாம் செய்துவந்த உருளையைச் சொல்ல வேண்டும்: மரத்தைக் கடைந்து, அதன்மேல் செப்புத் தகடுகளைப் படிப்படியாக ஆணியடித்து, ஒரு சிறு மோட்டாரால் சுழலவிட்டால், தகடு கம்பியைத் தொடும்போது ஒரு வரிசை பல்பு எரிந்து, விட்டதும் அது அணைந்து அடுத்த வரிசை எரிய, தட்டியில் நிற்கும் அம்மனின் கைச்சூலம் மேலும் கீழும் அசையும். உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பந்தின்மேல் ஒட்டித் தொங்கவிட்டு, ‘டிஸ்கோ லைட்’ என்று பெயர் சூட்டியதும் இதே கைகள்தான்.

இந்தத் தொழிலுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷமே பாட்டு இருந்தபடியால், செட்டுக்காரர் சாப்பிடப் போவதற்குக்கூட ஒரு மாற்றாள் வேண்டியிருந்தது. நண்பர்கள் கூட்டாக நடத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். ‘பாசமலர்’ (1961) படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய தோழிப் பாட்டு இல்லாமல் கல்யாண வீடு நிறைவு பெற்றதில்லை. ‘சகலகலா வல்லவன்’ (1982) பாட்டு இல்லாமல் இன்றளவும் ஆங்கிலப் புத்தாண்டு பிறப்பதில்லை. வாத்தியக் குழுவுக்குக் கொடுக்கப் பணமில்லாத எளிய ஜனங்கள் தாங்களே பெட்டி கட்டித் தெருவில் பாட்டு வைப்பது நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்துச் சேரிகளில் அப்படித்தான் நடந்தது. அங்கே பிறந்து நியூயார்க்கில் குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர், 1973 ஆகஸ்டில் தம் தங்கை ஏற்பாடு செய்த ஒரு விருந்தில் இரண்டு இசைத்தட்டு யந்திரங்களை வைத்துக்கொண்டு செய்த வேலையிலிருந்துதான் ஹிப் ஹாப் பிறந்ததாக உலகம் இன்று கொண்டாடுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஸ்டேஷன் வாசலில் நிற்கும் பாக்கியம்.

சட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். பொது இடத்தின் எல்லையில் சத்தம் எக்காரணத்தாலும் 75 டெசிபலைத் தாண்டலாகாது என்கின்றன. கலை, சமயத் திருவிழாக்களுக்காக நள்ளிரவு வரை தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டென்றாலும், அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாது. விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டிய ஆயிரக்கணக்கான பெண்கள் வாழும் ஆம்பூர், வேலூர் வட்டாரத்தில் இந்த விதி மிகவும் அவசியமானதே.

ஆனால் விதியை மீறச் சொல்வது யார்? பக்கத்து ஊரில் எட்டுப் பெட்டி என்றால் நமக்குப் பதினாறு வேண்டும் என்று நிர்ப்பந்தம் செய்கிறவர்களும், பத்து மணிக்குப் பிறகு “இன்னும் ஒரே பாட்டு தம்பி” என்று தோளில் கை போடுகிறவர்களும் விழாக் கமிட்டிப் பெரியவர்களே. மறுத்தால் பாக்கி வாடகை வராது என்பதை அறிந்த பையன் எப்படி மறுப்பான்? போலீஸ் வந்தவுடன் கமிட்டியார் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட, ஜீப்பில் ஏறுவது ஆம்ப்ளிஃபயர் மட்டுமே. நண்பர்கள் பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய மூலதனம் அது. அனுமதி கேட்டு மனுவில் கையெழுத்திட்டவர் எவரோ அவரிடமிருந்தே அபராதத்தையும் வசூலிப்பதுதான் முறை. அந்தக் காலம் வரும்வரை, விழாக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள்: செட்டுக்காரப் பிள்ளைகளின் பாக்கி வாடகையை இரவு 9 மணிக்கே கையில் எண்ணிக் கொடுத்துவிடுங்கள், 10 மணிக்கு அவர்களே நிறுத்திவிடுவார்கள்.