வாக்குப் பெட்டி எல்லைத் தகராறை முடித்திருக்காது

1960 ஏப்ரல் 1-ல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை, ஆகவே அந்த இணைப்பு ஜனநாயகமற்றது என்கிறார் நண்பர். நடத்தவில்லை என்பது உண்மை. முடிவுதான் தவறு.

மாநில எல்லையை மாற்றும் அதிகாரத்தை அரசமைப்பின் 3-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டம், எல்லையை வகுக்க கிராமத்தை அலகாகக் கொண்ட படாஸ்கர் பரிந்துரை, 1959-ன் சட்டம் என்று படிப்படியாக வந்த முடிவு இது. மக்கள் குரலே இல்லாத முடிவென்று இதை எப்படிச் சொல்வது?

வாக்கெடுப்பு நடந்தாலும் வழக்கு ஓயாது. பிரிட்டனில் 2016-ல் நடந்த வாக்கெடுப்பில் 52-க்கு 48 என்று ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகல் வென்றது. நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல் அரசு விலகலைத் தொடங்க முடியாது என்று 2017 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளியேற 2020 ஜனவரி 31 ஆனது. மகாராஷ்டிரத்துடன் இணைவதா என்று கோவாவில் 1967-ல் நடந்த கருத்துக் கணிப்புக்கும் நாடாளுமன்றச் சட்டமே அடிப்படை.

ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் பேசும் ஊரில், பெரும்பான்மை எண்ணிக்கை மற்றவரைத் தோற்றவராக்கிவிடும். எனக்கு அதுதான் பெரிய அச்சம். நண்பர் கேட்க வேண்டியது பழைய வாக்கெடுப்பை அல்ல. அரசமைப்பின் 350அ பிரிவு சொல்லும் தாய்மொழித் தொடக்கக் கல்வியைப் பள்ளிப்பட்டின் தெலுங்குக் குழந்தைக்கும் ஆந்திரத்தில் உள்ள நகரியின் தமிழ்க் குழந்தைக்கும் அவர் கேட்கட்டும். நானும் உடன் வருகிறேன்.