பிரட்டுக்களத்துச் சிரிப்பு

மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களை மாணவர்க்குக் கற்பிக்கும்போது நாம் கண்ணீரை மட்டுமே எடுத்துக் காட்டுகிறோம். ஒப்பாரி, தாலாட்டு, கடல் கடந்து வந்த துயரம் என்பவற்றோடு பாடம் முடிந்துவிடுகிறது. அப்பாடல்களில் ஒலிக்கும் சிரிப்பை வகுப்பறைக்குள் விடுவதில்லை. ஹட்டன் பகுதியில் ஆசிரியப் பணி புரிந்த நானும் இக்குற்றத்துக்கு உடந்தையே.

சி. வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்த பாடல்களைப் படித்துப் பாருங்கள். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அங்கே எள்ளலுக்கு ஆளாகின்றனர். பிரட்டுக்களத்தில் எதிர்த்துப் பேசினால் அரைப்பேர் விழும். பத்துச்சீட்டும் கைக்கு வரும். ஆனால் நிரையில் நின்று கொழுந்து பறிப்பவளின் பாட்டை எந்தச் செக்குரோலில் பதிவது? வெளிப்படையாக வைவதையும் மறைத்துப் பழிப்பதையும் அங்கதத்தின் இரு வகைகளாகத் தொல்காப்பியர் வகுத்தார். தொண்டைமானின் படைக்கலங்கள் பளபளப்பதை ஔவை புகழ்ந்ததும் இரண்டாம் வகையே. எழுத்தறியாத நம் பாட்டிமாரும் அந்த மரபினரே ஆவர்.

கோ. நடேசய்யர் செய்ததும் ஓர் அங்கதமன்றோ? அயலார் தோட்டத்துள் நுழையலாகாது என்ற காலத்தில் அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குச் சென்றார். துரைமாரின் காவலைச் சில புடவைகள் வென்றன! எந்தக் கதாசிரியனும் பொறாமை கொள்ளத்தக்க கற்பனை அது.

"சிரிப்பு சட்டத்தை மாற்றுமா?" என்று நண்பரொருவர் கேட்டார். மாற்றாது. 1947ல் ஏழு பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948ல் குடியுரிமையையும் 1949ல் வாக்குரிமையையும் இழந்தனர். அதை எந்தப் பாட்டும் தடுக்கவில்லை. ஆயினும் அதிகாரம் நம் கையெழுத்தோடு நிறைவடைவதில்லை. நம் அச்சத்தையும் கேட்கிறது. சிரிப்பவன் முதலாவதைக் கொடுத்தாலும் இரண்டாவதைக் கொடுக்க மறுக்கிறான்.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என இரு அரசுகளும் பங்கிட்டன. மிஞ்சிய 1,50,000 பேரை 1974ல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மாலையில் கொழுந்து நிறுப்பவன்கூட, கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவுக்குக் காரணம் சொல்வான். மனிதரை நிறுத்த தராசுக்கு அந்த நாணமும் இருக்கவில்லை. இதைக் கண்ணீரோடு எழுதியவர் பலர். இந்தத் தராசைப் பார்த்து நாடே நகைக்கும்படி ஓர் அங்கத நாவல் வேண்டும் என்பது என் அவா.

ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். 'தோட்டக்காட்டான்' என்று சொல்லி நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. மேலிருந்து கீழ்நோக்கி வரும் சிரிப்பு அங்கதமாகாது. அது கங்காணியின் பிரம்புக்கு இன்னொரு பெயர். நம் சிரிப்பு மேல்நோக்கியே செல்லுதல் வேண்டும். அங்கே இன்று நம்மவரே நாற்காலியிட்டு அமர்ந்திருப்பாராயின், அவரையும் விட்டுவிடலாகாது. துரையைப் பாடிய வாய் தொழிற்சங்கத் தலைவரைக் கண்டதும் மூடிக்கொள்ளுமாயின், நாம் எஜமானை மாற்றினோமேயன்றி அச்சத்தை மாற்றவில்லை.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை ஒப்பாரியைக் கற்பிக்கையில் கங்காணியைக் கேலி செய்யும் பாட்டொன்றையும் சேர்த்துக் கற்பியுங்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும். அவர்தம் பாட்டனார் வளைந்த முதுகோடும் வளையாத நாவோடும் வாழ்ந்தார் என்பதை அச்சிரிப்பிலிருந்து அவர்கள் அறிந்துகொள்வார்கள்.