ஆயுத பூஜைக்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்



கடையின் முதல் எவ்வளவு என்று யாராவது கேட்டால் சரக்கைச் சொல்வோம், கடைக்குக் கொடுத்த முன்பணத்தைச் சொல்வோம், வெளியில் நிற்கும் பாக்கியையும் சேர்த்துச் சொல்வோம். சரக்கைச் சுமந்து வரும் வண்டியைச் சொல்ல மாட்டோம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நடுவழியில் வண்டி நின்றுவிட்டால், அன்றைய வியாபாரமே நின்றுவிடும். நனைந்த சர்க்கரை மூட்டைக்கும், ஊறிப்போன பருப்பு மூட்டைக்கும் யாரும் நஷ்டஈடு தருவதில்லை.

இன்று சொல்ல வந்தது வண்டியின் கமான் பட்டையைப் பற்றி. இதென்ன மளிகைக்காரனுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2005ல் டாடா ஏஸ் வந்த பிறகு, நம்மில் பலர் சொந்தமாகவோ வாடகைக்கோ சிறு சரக்கு வண்டியை வைத்துத்தான் பிழைக்கிறோம். காஞ்சிபுரத்துக் கடைத்தெருவிலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குச் சரக்கு போவதெல்லாம் இந்த வண்டிகளில்தான்.

புது வண்டி எடுத்தவுடன் பட்டறைக்கு ஓட்டிப்போய், பின்பக்கம் இரண்டு பிளேட் கூடுதலாகப் போட்டுக்கொள்வது நம் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. “பிளேட் ஏத்தியாச்சு, இனி எவ்வளவு போட்டாலும் தாங்கும்” என்று பேசிக்கொள்கிறோம். இந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும், 26 கிலோ மூட்டைகள் புழக்கத்துக்கு வந்தன. சுமார் 750 கிலோ ஏற்ற அனுமதியுள்ள வண்டியில் 28 மூட்டை போட்டால் 728 கிலோ. அத்தோடு நிறுத்த வேண்டும். நாம் 50 மூட்டை போடுகிறோம். அது 1,300 கிலோ. அதாவது 550 கிலோ அதிகம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதில் ஓட்டுநரின் எடையும் கூட வரும் ஆளின் எடையும் அடக்கம்.

கூடுதல் பிளேட் போட்டால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிமிர்ந்து நிற்கும், உண்மைதான். ஆனால் அச்சு அதே அச்சு, பிரேக் அதே பிரேக், டயரும் சேஸும் முன்பிருந்தவையே. பட்டை வளைந்து வாங்கிக்கொள்ள வேண்டிய அதிர்ச்சி, வளையாத பட்டை வழியாக நேரே சேஸுக்குப் போகிறது. பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டில் விரிசல் விடுவது இதனால்தான். முன்பு பின்பக்கம் தாழ்ந்து, பாரம் அதிகம் என்று வண்டி நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பிளேட் ஏற்றி அதன் வாயை அடைத்துவிட்டோம். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னார். அரிசி மூட்டைக்கு வேறு விளக்கம் வேண்டுமா?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கமான் பட்டையில் இரண்டு வகை உண்டு. பல பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பழைய வகை ஒன்று. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து, பிளேட்டுகளுக்கிடையே இடைவெளி விட்டு வரும் பரபோலிக் வகை மற்றொன்று. இரண்டாவது வகையில் சாதாரண பிளேட்டைச் செருகினால் அதன் வேலையே கெட்டுவிடும். எல்லாப் பட்டறையிலும் இதை எடுத்துச் சொல்வதில்லை. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி மழைக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதையும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் நாம் மறக்கவில்லை. புயலே வராத ஆண்டிலும், தார்ச் சாலையின் வெடிப்பில் இறங்கும் தண்ணீர் அடியிலுள்ள ஜல்லியையும் மண்ணையும் இளக்கிப் பள்ளமாக்கிவிடுகிறது. பள்ளத்தின்மேல் தண்ணீர் நிற்பதால் அது அரை சாண் ஆழமா ஒரு முழ ஆழமா என்று ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. பாரவண்டி வேகத்தோடு அதில் இறங்கும்போது பட்டையின்மேல் விழும் அடி, வண்டி சும்மா நிற்கும்போது இருக்கும் பாரத்தைப்போல் சில மடங்கு.

சாலை இப்படிக் கெடுவதில் நமக்கும் பங்கு உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாலை போட்டு, லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று அந்தச் சோதனையிலிருந்து கணக்கிட்டார்கள். அதிக பாரம் ஏற்றிச் சாலையைக் குழியாக்குவதும், அந்தக் குழியில் விழுந்து பட்டையை முறித்துக்கொள்வதும் நாமேதான்.

மழை நீரும் சேறும் பிளேட்டுகளுக்கு இடையே புகுந்து துருவை உண்டாக்குகின்றன. துரு அரித்த சிறு குழியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையிலோ, யூ போல்ட் பிடிக்கும் இடத்தின் ஓரத்திலோ முறியும். பட்டை பாரத்தைச் சுமப்பதோடு அச்சையும் அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. மெயின் பிளேட் முறிந்தால் அச்சு விலகி, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தில் இரு சக்கர வண்டியில் போகிறவரின் உயிருக்கும் அதுவே எமனாகும்.

உப்பு வியாபாரம் செய்பவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்கா, கனடா போன்ற குளிர் நாடுகளில், சாலையில் உறைந்த பனி உருகுவதற்காக உப்பைத் தூவுகிறார்கள். அமெரிக்காவில் மட்டும் இது ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல். அதனால் அங்கே கார்களின் ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து முறிகின்றன. பனிக்காலம் முழுவதும் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுவதும், மெழுகு கலந்த எண்ணெய் பூசுவதும் அங்கே வழக்கம். நம் ஊரில் சாலையில் யாரும் உப்பைக் கொட்டுவதில்லை. ஆனால் தூத்துக்குடியிலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் வரும் கல் உப்பை நாமே வண்டியில் ஏற்றுகிறோம். கல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு மழைக்காலக் காற்றின் ஈரத்தை இழுக்கும். மூட்டை கசிந்து, உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகப் பட்டையில் சொட்டும். அவர்களுக்குச் சாலையில் கிடைப்பது நமக்கு மூட்டையிலேயே கிடைக்கிறது. உப்பு ஏற்றும்போது அடியில் முழுத் தார்ப்பாய் விரிப்பதும், இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவதும் செலவில்லாத வைத்தியம்.

மற்றபடி செய்ய வேண்டியவை இவை. அடுக்குப் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிளேட்டுகளுக்கிடையே கிராஃபைட் கிரீஸ் வைக்க வேண்டும். ஷாக்கில் பின்னில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸும் சேறும் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். கழற்றிப் பூட்டிய யூ போல்ட் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் தளரும். மறுபடி முறுக்க வேண்டும். ஷாக் அப்சர்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலையும் டீசலையும் அடியில் பீய்ச்சி அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அது ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், பிரேக்கிலும் படும். முறிந்த பிளேட்டை வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது. பதம் பார்த்துக் காய்ச்சிய எஃகு அது. மறுபடி சூடேறினால் பதம் போய்விடும். அடுத்த பள்ளத்தில் அதன் பக்கத்திலேயே முறியும். யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே என்பதுபோல், பட்டை முறியும் முன் பெரும்பாலும் கிறீச்சிடும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஓட்டுநர் அதைச் சொன்னால் முதலாளி காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

“வாடகையும் டீசலும் விற்கிற விலையில் இரண்டு நடை கட்டுப்படியாகுமா?” என்று அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்தப் பக்கம் மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறும், தெருவில் பாவு நீட்ட முடியாது. நெசவாளர் கையில் காசு குறைந்தால் நம் கடையில் கடன் நோட்டு தடிக்கும். கையில் பணம் இல்லாத அந்த மாதங்களில் வண்டி வேலையைத் தள்ளிப்போடுகிறோம். ஆனால் சட்டத்தையும் பாருங்கள். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்குமேல் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் பொறுப்பு என்கிறது அந்தச் சட்டம். ஒரு முறை பிடிபட்டால் எத்தனை இரண்டாவது நடைக்கான டீசல் போகிறது என்று அவரவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பிளேட் கூட்டியதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை ஒரு கிலோவும் கூடுவதில்லை.

வாடகை வண்டிக்காரர்கள் விஷயத்திலும் நாம் மனச்சாட்சியோடு நடக்க வேண்டும். “அந்த வண்டிக்காரர் 50 மூட்டை ஏற்றுகிறார், நீ மட்டும் ஏன் மாட்டேன் என்கிறாய்” என்று நெருக்குவது நாம்தான். தவணை கட்டும் அந்தப் பிள்ளைக்கு மறுக்க வழியில்லை. பட்டை முறிந்தால் செலவு அவனுக்கு, மிச்சமான நடை நமக்கு. இது நல்ல வியாபாரமாகாது.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முந்திய வாரத்தில், நன்கு தெரிந்த பட்டறைக்காரர்களை அழைத்து உறுப்பினர்களின் வண்டிகளுக்கு அடிப்பாகச் சோதனை முகாம் நடத்தலாம். பருவமழை தொடங்குவதும் அதையொட்டித்தான். இரண்டு, ஒவ்வொரு பில்லிலும் சரக்கின் மொத்த எடையை எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் தொடங்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்று, மழை மாதங்களில் வண்டி வாடகையை நடைக்கு இவ்வளவு என்று பேசாமல் எடைக்கு இவ்வளவு என்று பேசி, ஊருக்கு ஒரே அளவாக வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஒழுங்காக நடந்தால் அவருக்கு நஷ்டம். எல்லோரும் நடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சங்கம் இருப்பது இதற்காகத்தானே?

ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அவ்வளவும் செய்யும் நாம், ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்ப்பதையும் அந்தப் பூஜையில் சேர்த்துக்கொள்வோம்.

— ஒரு மொத்த வியாபாரி, முசரவாக்கம்