மண்சட்டியும் அடுத்த வீடும்

 

ஆளுக்கொரு சிறு சட்டியில் கோழிக்கறி நிரப்பி, மேலே மா மூடி வேகவைக்கும் ‘பை’ இன்று நம் பிள்ளைகளுக்கும் பிரியமான பண்டமாகிவிட்டது. இதையொட்டி இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. பிற மதத்தவர் செய்து விற்கும் மண்சட்டியில் சமைக்கலாமா? ஒரே ஸஹனில் கூடி உண்ணும் நாம் தனித்தனியே உண்ணலாமா?

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் வன்னியெங்கும் பெயர் பெற்றது. பொங்கலுக்குப் பானை செய்யும் அதே கைதான் நமக்கும் சட்டி செய்கிறது. அதனால் சட்டியில் அசுத்தம் சேர்வதில்லை. வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஃலபா (ரழி) கேட்டபோது, வேறு கிடைக்காவிட்டால் கழுவிப் பயன்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் உள்ளது. பாவித்த பாத்திரத்துக்கே இந்தச் சலுகை என்றால், சூளையிலிருந்து வந்த புதுச்சட்டிக்கு என்ன தடை? மார்க்கம் தடுத்திருப்பது பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையுமே.

தனியே உண்பதிலும் குற்றமில்லை. சேர்ந்தோ தனித்தோ உண்ணலாம் என அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனம் அனுமதிக்கிறது. எனினும் சேர்ந்துண்பதில் பரக்கத் உண்டு என்று ஹதீஸ் கூறுவதால், சட்டி வேறானாலும் பாய் ஒன்றாக இருக்கட்டும்.

இனிச் செய்முறை. தயிர் விற்கும் சிறு மண்சட்டி போதும்; விலை கூடிய பீங்கான் வேண்டாம். சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், வெடிப்பு இருக்கக்கூடாது. உட்புறம் வர்ணமோ, இன்னதென்று தெரியாத மினுக்கமோ பூசியதை வாங்காதீர்கள். அதில் ஈயம் கலந்திருக்கலாம். புதுச்சட்டியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சிப் பழக்குங்கள். புளி, தக்காளி சேர்ந்த கறியை அலுமினியத்தில் வைத்திருக்காதீர்கள்.

இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு அரைக் கோப்பை பட்டர், உப்பு, சிறிது குளிர்நீர் சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் வையுங்கள். எலும்பில்லாத கோழி, உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், வெங்காயம், மிளகுத்தூள் சேர்த்து வதக்கி, பாலும் சிறிது மாவும் விட்டுக் கெட்டியாக்கி ஆறவிடுங்கள். சட்டியில் முக்கால் பங்கு நிரப்பி, மாவைத் தட்டி மூடி, ஆவி போக நடுவில் துளையிடுங்கள். சூடேறாத அவனில் வைத்துப் பின்பு 200 பாகைக்கு ஏற்றுங்கள்; திடீர்ச் சூடு மண்சட்டியை வெடிக்கச் செய்யும். மேல்மா பொன்னிறமானதும் இறக்குங்கள். அவன் இல்லாதவர்கள் பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் வைத்து, மூடியில் தணல் இடலாம்.

சட்டி எண்ணும்போது ஒன்றைக் கூட்டி எண்ணுங்கள். குழம்பில் நீரைக் கூட்டியாவது அயலவரைக் கவனிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) வீட்டில் ஆடறுத்தபோது, யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்றே முதலில் கேட்டார்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவு முஸ்லிம்களும் வீடு வாசல் இழந்தார்கள். பலர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் திரும்பியவர்களுக்கு வீடு கட்டுவதைப் போலவே உறவு கட்டுவதும் கடமையாயிற்று. சட்டி வாங்கத் தயங்கினால் அந்த உறவு எப்படி வளரும்? அவர்கள் விரத நாளில் மரக்கறி மட்டும் வைத்த ஒரு சட்டியை அனுப்பிப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அடுப்பிலும் அயலிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.